காற்றடித்தால் வீட்டுக்குள் புகை: விறகுக் கணப்பு, புகைபோக்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விறகு எரிக்கும் கணப்பை வீட்டில் வைத்திருப்பவர்கள் காற்றுக் காலம் தொடங்கியதும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்: மேலே போக வேண்டிய புகை ஏன் அறைக்குள் திரும்புகிறது? இதற்கு ஒரே மருந்து கிடையாது. பலர் முதல் வேலையாகப் புகைபோக்கியின் உச்சியில் வைக்கும் மூடியான குல்லாவை வாங்கி மாட்டிவிட்டு, காரணம் வேறு இடத்தில் இருப்பதை அப்புறம் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே உள்ளன.

சாதாரண நாள்ல ஒரு தொந்தரவும் இல்ல. காத்து அடிச்சா மட்டும் புகை உள்ள வருது. ஏன்?

புகைபோக்கிக்குள் இருக்கும் சூடான வாயு, வெளிக்காற்றைவிட எடை குறைந்தது. அதனால் மேலே ஏறுகிறது. இப்படி ஏறும்போது உண்டாகும் உறிஞ்சலைத்தான் இழுவை என்கிறோம். 5 மீட்டர் உயரக் குழாயில் உள்ளே சராசரியாக 200 டிகிரி, வெளியே 5 டிகிரி என்றால் இழுவை சுமார் 25 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அதே குழாய் 60 டிகிரிக்கு ஆறிவிட்டால் 10 பாஸ்கல்தான் மிஞ்சும். பெரும்பாலான கணப்புகள் ஒழுங்காக எரிய 12 பாஸ்கல் அளவுக்குத் தேவைப்படும்.

காற்றின் பலத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று ஒரு பரப்பில் நேராக மோதினால் 15 பாஸ்கல் அழுத்தம். நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் 60 பாஸ்கல். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். இதில் ஒரு பங்கு குழாயின் வாயில் கீழ்நோக்கி விழுந்தால் போதும், இழுவை தோற்றுவிடும். சூடாகவும் உயரமாகவும் இருக்கும் குழாய் ஒரு வீச்சைத் தாங்கி உடனே மீண்டுவிடும். ஏற்கெனவே சோனியாக இருக்கும் குழாயால் அது முடியாது. பெரும்பாலான வீடுகளில் காற்று செய்வது அந்தப் பலவீனத்தைக் காட்டிக்கொடுப்பதுதான்.

காற்றில்லாத நாளிலும் புகை கசிந்தால் கதை வேறு. முதலில் குழாயில் கரியும் தாரும் அடைத்திருக்கிறதா, பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்யாத குழாய்க்கு இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் பலன் தராது.

மேல காத்து வீசினா புகைய இழுத்துட்டுத்தானே போகணும்? கீழ எப்படித் தள்ளும்?

வாயைக் குறுக்காகக் கடந்து போகும் காற்று இழுக்கத்தான் செய்யும். வாய் சீரான காற்றோட்டத்தில் இருந்தால் காற்று உங்களுக்கு உதவிதான். சிக்கல் இரண்டு விதமாக வருகிறது.

முதல் விதம், காற்று மேலிருந்து சரிந்து விழுவது. கூரை முகட்டையோ பக்கத்து உயரமான கட்டடத்தையோ மரக்கூட்டத்தையோ குன்றையோ தாண்டும் காற்று, அதன் மறைவுப் பக்கத்தில் சுழன்று இறங்கும். அந்தச் சுழலுக்குள் புகைபோக்கியின் வாய் இருந்தால் காற்று அதற்குள் கொட்டும். இரண்டாவது விதம், வாய் அழுத்தம் மிகுந்த இடத்தில் நிற்பது. உயரமான சுவரில் மோதும் காற்று அதன் முன்னே தேங்கி அழுத்தம் ஏற்றும். அங்கே நிற்கும் குழாயின் வாயில் காற்று இறங்குவதே கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் புகை ஏற மறுக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் குல்லா வாங்கக் கூடாது. ஏன் என்பது குல்லா பற்றிய கேள்வியில் இருக்கிறது.

புகைபோக்கி கூரைக்கு மேல எவ்வளவு இருக்கணும்?

பரவலாகப் பின்பற்றப்படும் அளவு அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 211 சொல்வது. குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி (0.9 மீட்டர்) மேலே நிற்க வேண்டும். அதோடு, கிடைமட்டமாக 10 அடிக்குள் (3 மீட்டர்) இருக்கும் கூரைப் பகுதி, சுவர், தண்ணீர்த் தொட்டி என எதைவிடவும் 2 அடி (0.6 மீட்டர்) உயரமாக இருக்க வேண்டும். சரிவுக் கூரையில் 3 அடியை அளக்கும்போது மேட்டுப் பக்கத்திலிருந்து அளங்கள். பள்ளப் பக்கத்தில் அளந்து ஏமாந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

இது குறைந்தபட்சம் மட்டுமே. குன்றடியிலோ, உயரமான மரங்களுக்கு நடுவிலோ, பெரிய கட்டடத்தின் நிழலிலோ இருக்கும் வீட்டுக்கு இது போதாது. அங்கே ஒரு மீட்டர் கூடுதல் குழாயை முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, பலன் தெரிந்தால் நிரந்தரமாக்கலாம். கணப்பில் புகை வெளியேறும் துளையான புகைவாயிலிருந்து உச்சி வரை மொத்த உயரம் 4.5 மீட்டருக்குக் குறைந்தால் எந்தக் குழாயும் காற்று நாளில் திணறும்.

உயர்த்தும்போது இரண்டு எச்சரிக்கை. கூரைக்கு மேல் 1.5 மீட்டருக்கு அதிகமாக நீளும் குழாய்க்குத் தாங்குகம்பி கட்டாயம். கூட்டும் துண்டும் இன்சுலேஷன் உள்ள இரட்டைச் சுவர்க் குழாயாகவே இருக்க வேண்டும். வெற்று ஒற்றைத் தகடு வெளிக்குளிரில் ஆறிப்போய், உயரத்தால் கிடைத்த இழுவையைத் தின்றுவிடும், தாரையும் படியவைக்கும்.

எங்க குழாய் சுவரைத் துளைச்சு வெளிய போய் அப்படியே வெளிச்சுவரோரம் மேல ஏறுது. இது தப்பா?

தப்பு என்று தள்ள முடியாது, ஆனால் பலவீனமான அமைப்பு. வீட்டுக்குள்ளேயே நேராக ஏறும் குழாயைச் சுற்றி அறையின் சூடு இருக்கிறது. தீ இல்லாதபோதும் அதில் கொஞ்சம் இழுவை மிஞ்சும். வெளிச்சுவரோரக் குழாய் நாலு பக்கமும் குளிரில் நிற்கிறது. தீ தணிந்ததும் வீட்டின் உள்ளே இருப்பதைவிட அதற்குள் இருக்கும் காற்று குளிர்ந்து கனத்துவிடும்; பிறகு வீடே பெரிய புகைபோக்கியாகி, குழாய் காற்றை உள்ளே இறக்கும் வழியாகிவிடும். காற்று வீசாமலே கூடத் திரும்பும் புகைக்கு இதுதான் வழக்கமான காரணம்.

இடம் மாற்ற முடியாவிட்டால் செய்யக்கூடியவை உண்டு. வெளியே நிற்கும் முழு நீளமும் தொழிற்சாலையில் செய்த இன்சுலேஷன் குழாயாக இருக்கட்டும். செங்கல் புகைபோக்கி என்றால் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கி, அதைச் சுற்றி இன்சுலேஷன் போர்த்துங்கள். அடியில் சுத்தம் செய்ய வைத்திருக்கும் 'டி' (T) வடிவ இணைப்பின் மூடியைத் தொட்டுப் பாருங்கள்: அது தளர்ந்திருந்தால் குளிர்காற்று அங்கேயே புகுந்து இழுவையைப் பாதியாக்கும். பத்து நிமிட வேலை. பல வீடுகளில் இதுவே பாதித் தொல்லையைத் தீர்த்திருக்கிறது.

கணப்போட வாய் 6 அங்குலம். 8 அங்குலக் குழாய் போட்டா இன்னும் நல்லா இழுக்காதா?

இழுக்காது. 6 அங்குலக் குழாயைவிட 8 அங்குலக் குழாயின் குறுக்குப்பரப்பு முக்கால் பங்குக்கு மேல் அதிகம். அதே அளவு புகை அதில் மெதுவாக ஏறும், வழியிலேயே ஆறும். புகைவாயின் அளவே உச்சி வரை தொடர்வது நல்லது. வாயைவிடச் சிறிய குழாய் போடவே கூடாது.

வளைவுகளும் அப்படித்தான். ஒவ்வொரு 90 டிகிரி எல்போவும் இழுவையைத் தின்னும். தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு 90-க்குப் பதில் இரண்டு 45 போடுங்கள். கிடைமட்ட ஓட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இருக்கும் ஓட்டமும் கணப்பிலிருந்து புகைபோக்கியை நோக்கி மீட்டருக்கு 2 செ.மீ. ஏற வேண்டும். இணைப்புக் குழாயின் நெளித்த முனை கணப்பைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கட்டும், அப்போதுதான் வழியும் தார் உள்ளேயே இறங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகு.

குளிர்ல குழாய் ஆறிக் கிடக்கும்போது பத்த வச்சா முதல் புகை மொத்தமும் அறைக்குள்ள. என்ன பண்றது?

குழாய்க்குள் குளிர்காற்று தக்கை போல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தள்ளாமல் விறகைப் பற்றவைத்தால் புகைக்குப் போக வேறு வழி கிடையாது. ஓரிரு தாள் செய்தித்தாளை முறுக்கி, புகைவாய்க்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே பிடித்து எரியுங்கள். சில கணப்புகளில் நடுவே தடுப்புத் தகடு இருக்கும். அதைத் தாண்டிச் சூடு போக, ஹேர் டிரையரைச் சில நிமிடம் காட்டுவதும் வழி. இழுவை தொடங்கியதும் கேட்கும் மெல்லிய 'ஹூம்' ஒலி பழகிவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

அடுக்கும் விதத்தையும் மாற்றுங்கள். பெரிய விறகு அடியில், மெல்லிய சிராய்கள் மேலே, பற்றவைப்பது உச்சியில். தீ மேலிருந்து கீழே இறங்குவதால் முதல் நிமிடத்திலேயே குழாய் சூடாகிறது, புகையும் குறைவு.

இதுக்குக் காரணம் காத்தா, வீடா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். தீ முழுக்க அணைந்து, கணப்பு ஆறிய நிலையில், காற்று வீசும் நாளில் செய்ய வேண்டும். எல்லா ஜன்னல் கதவையும் மூடுங்கள், ஃபேன்களை நிறுத்துங்கள். கணப்பின் கதவை இரண்டு விரல் அளவு திறந்து, அந்த இடைவெளிக்கு முன்னே ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். நுனியிலிருந்து எழும் மெல்லிய கோட்டை மட்டும் பாருங்கள். கோடு சாய்ந்து, நூல் போல் உடையாமல் உள்ளே போனால் இழுவை இருக்கிறது. உள்ளே போய்க்கொண்டிருந்த கோடு, ஜன்னல் கண்ணாடி அதிரும் அதே நொடியில் உங்கள் முகத்தை நோக்கி உதறி, மறுபடி உள்ளே திரும்பினால் தள்ளுவது மேலிருந்து வரும் காற்று. வீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் கோடு ஒரே சீராக அறைப் பக்கம் சாய்ந்தே இருந்தால், வீடு உறிஞ்சுகிறது அல்லது குழாய் குளிர்ந்திருக்கிறது.

அடுத்து, சமையலறை எக்ஸாஸ்ட், குளியலறை ஃபேன், துணி உலர்த்தும் இயந்திரம் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கோட்டைக் கவனியுங்கள். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் ஒரு பெரிய சமையலறை எக்ஸாஸ்ட் மட்டுமே முதல் பதிலில் சொன்ன 10 பாஸ்கலைச் சுலபமாகத் தின்றுவிடும். கடைசியாக, காற்று வந்து மோதும் பக்கத்தில் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள். கோடு உடனே திருந்தினால் பிழை வீட்டுக்குள் இருக்கிறது, கூரையில் ஏற வேண்டாம். ஜன்னலைத் திறந்தும் உதறல் அப்படியே தொடர்ந்தால் புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள்.

புகை வந்தா ஜன்னலைத் திறக்கச் சொல்றாங்க. திறந்தா இன்னும் அதிகமா வருதே?

தவறான ஜன்னலைத் திறந்திருக்கிறீர்கள். காற்று மோதும் சுவரில் அழுத்தம் கூடுதல். அங்கே திறந்தால் வீட்டுக்குள் அழுத்தம் ஏறி, குழாய்க்கு உதவி. எதிர்ப்புறச் சுவரில் உறிஞ்சல். அங்கே திறந்தால் வீட்டின் காற்று வெளியேறி, அந்தக் குறையை ஈடுகட்டப் புகைபோக்கி வழியாகக் காற்று இறங்கும்.

மாடி ஜன்னலும் இதே கெடுதலைச் செய்யும். வீட்டுக்குள் சூடான காற்று மேல்தளத்துக்கு ஏறி, மாடி ஜன்னல், பரண் கதவு, கூரை இடுக்கு வழியாக நழுவுகிறது. அதனால் கீழ்த்தளம் வெற்றிடத் தன்மை அடைந்து குழாயோடு போட்டி போடுகிறது. கணப்பு கீழ்த்தளத்தில் இருந்தால் மாடி ஜன்னல்களை மூடுங்கள், கீழே காற்று முகத்தில் விரலளவு திறந்து வையுங்கள். மாடியில் இருக்கும் இடுக்குகளை நிரந்தரமாக அடைப்பது, எந்தக் குல்லாவையும்விட நீடித்த தீர்வு.

குல்லா மாட்டினா சரியாயிடுமா? எதை வாங்கறது?

வாய்க்குள் காற்று கொட்டுவதுதான் பிரச்சினை என்று ஊதுபத்திச் சோதனை சொல்லியிருந்தால் சரியான குல்லா உதவும். வாய் அழுத்தம் தேங்கும் இடத்தில் நின்றால் எந்தக் குல்லாவும் உதவாது. காரணம் எளிது: அங்கே எல்லாத் திசையிலும் ஒரே அழுத்தம், குல்லா தன் வாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அழுத்தத்தைத்தான் சந்திக்கும். அந்த இடத்துக்கு மருந்து உயரம் மட்டுமே.

வகைகளைப் பார்ப்போம். நாலு கால் மேல் தட்டை மூடி வைத்த மழைக்குல்லா காற்றைத் தடுக்காது. மூடி தாழ்ந்திருந்தால் புகையை அடைக்கவும் செய்யும்: 150 மி.மீ. குழாய்க்கு, விளிம்புக்கும் மூடிக்கும் இடையே 37.5 மி.மீ. இருந்தால்தான் குழாயின் பரப்புக்குச் சமமான வழி கிடைக்கும். கரி படியும் என்பதால் அதைப்போல் இரண்டு மடங்காவது விடுங்கள். நிலையான எதிர்காற்றுக் குல்லாவில் அசையும் பாகம் இல்லை; வாயைச் சுற்றியுள்ள வளையமும் கூம்பும் எந்தத் திசைக் காற்றையும் ஒதுக்கி உறிஞ்சலாக்கும். விறகுக் கணப்புக்கு முதலில் இதைத்தான் பரிந்துரைப்போம். 'எச்' எழுத்து வடிவக் குல்லாவும் அசையாதது. மேலிருந்து விழும் காற்று பக்கக் குழாய்களின் வழியே அடியில் வெளியேறிவிடும், புகைக்கு மறுமுனை இருக்கும். பார்வைக்குப் பெரிது, கனமானது, தாங்குகம்பி இல்லாமல் வைக்கக் கூடாது.

காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பும் துடுப்புக் குல்லா நன்றாக வேலை செய்யும், அதன் தாங்கி உருளும்வரை. தார் படிந்து இறுகிவிட்டால், அடுத்த முறை காற்று திசை மாறும்போது அதன் வாய் காற்றை நேராகப் பார்த்து நின்று அகப்பை போல் அள்ளும். குல்லா இல்லாததைவிட மோசம். பருவம் தொடங்கும் முன் கையால் சுழற்றிப் பார்க்காதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

கிடங்குக் கூரைல சுத்துற டர்பைன் உருண்டையைப் போட்டா?

அது காற்றோட்டத்துக்குச் செய்தது. விறகுப் புகையின் சூடும் தாரும் அதன் தாங்கியைச் சீக்கிரமே முடக்கிவிடும். திட எரிபொருளுக்கு என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாத எதையும் உச்சியில் வைக்காதீர்கள். பறவைக்காக வைக்கும் வலைக்கும் இதே எச்சரிக்கை: கண் 12 மி.மீ.க்குக் குறைந்தால் ஒரே பருவத்தில் கரி அதை மூடிவிடும்.

வெளிக்காத்தைக் குழாய் வழியா நேரா கணப்புக்கே கொடுத்துட்டா ஜன்னல் பிரச்சினையே இருக்காதுல்ல?

எக்ஸாஸ்ட் ஃபேன் வீட்டை உறிஞ்சுவதுதான் காரணம் என்றால் இது நல்ல தீர்வு. ஆனால் காற்றுத் தொல்லைக்கு இதையே மருந்தாக நினைத்தால் ஆபத்தில் முடியலாம். உள்ளிழுப்புக் குழாயின் வெளிவாய் மறைவுப் பக்கச் சுவரில் இருந்து, பலத்த காற்று அந்தச் சுவரை உறிஞ்சினால், அந்த உறிஞ்சல் புகைபோக்கியின் இழுவையை வென்றுவிடக்கூடும். அப்போது கணப்பு தலைகீழாக ஓடும்: காற்று புகைபோக்கி வழியே இறங்கி, சூடான வாயு உள்ளிழுப்புக் குழாய் வழியே சுவருக்குள் போகும். பிளாஸ்டிக் குழாயோ மரச்சட்டமோ அங்கே இருந்தால் நேராகத் தீவிபத்துதான்.

ஆகவே உள்ளிழுப்புக் குழாய் உலோகமாகவே இருக்கட்டும், எரியக்கூடிய பொருளிலிருந்து விலகிப் போகட்டும். வெளிவாய் தீயறையின் மட்டத்துக்கு மேலே இருக்கவே கூடாது. மேலே இருந்தால் அதுவே இன்னொரு புகைபோக்கியாகிவிடும். வழக்கமாகக் காற்று வரும் பக்கத்தில், மூடாக்கு போட்டு வையுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் துளை உள்ள, வீட்டுத் தரைக்கு அடியில் இருக்கும் காலி இடத்திலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. இரு பக்க அழுத்தமும் அங்கே ஓரளவு சமமாகிவிடும்.

நல்லா எரிஞ்சிட்டிருக்கும்போதே 'புஸ்'ஸுனு ஒரு சத்தம், கதவு ஓரமா புகை பீறிட்டு வருது. அதுவும் காத்துதானா?

பாதிதான் காற்று. கங்கின் மேல் புது விறகை நிறைய அடுக்கி, காற்றுத் திறப்பை உடனே குறைத்துவிட்டால், விறகிலிருந்து எரியும் வாயு வெளிவந்துகொண்டே இருக்கும், எரியப் போதிய காற்று இருக்காது. தீயறை மஞ்சள் கலந்த சாம்பல் புகையால் நிரம்பும், சுடர் அடங்கும். அந்த நேரத்தில் ஒரு காற்று வீச்சு புதுக்காற்றைத் தள்ளினால் மொத்தமும் ஒரே மூச்சில் பற்றும். கண்ணாடியின் மேல்விளிம்பில் விரல் விரலாகக் கறுப்பும், குழாய் இணைப்புகளில் பழுப்பு வழிசலும் தெரிந்தால் இது பலமுறை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

காற்று நாளில் சின்ன அடுக்கு, பிரகாசமான தீ. விறகு போட்டதும் சுடர் முழுக்கப் பிடிக்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், திறப்பு முழுதாக இருக்கட்டும்; பிறகு படிப்படியாகக் குறையுங்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்கும்போது கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தில் அளங்கள், வெளித்தோல் எப்போதும் காய்ந்துதான் காட்டும். கதவின் ஓர இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கயிற்றையும் சோதியுங்கள்: ஒரு தாள் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள்; சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும்.

ராத்திரி கங்கு மட்டும்தான் இருக்கும், புகையே கிடையாது. அப்போ பயம் இல்லதானே?

அதுதான் பயப்பட வேண்டிய நேரம். சுடர் அடங்கி விறகு கரியானபின் கண்ணுக்குப் புகை தெரியாது, மூக்குக்கு வாடை வராது, ஆனால் கார்பன் மோனாக்சைடு ஏராளமாக உண்டாகும். குழாயோ ஆறிக்கொண்டிருக்கும். முதல் பதிலில் பார்த்த 25 பாஸ்கல் இப்போது 10 ஆகியிருக்கும். இந்த நேரத்தில் வீசும் காற்று, மாலையில் ஒன்றும் செய்யாத அதே காற்றாக இருந்தாலும், வாயுவை அறைக்குள் இறக்கிவிடும். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்ற அறிகுறிகளை உணர ஆள் இருக்காது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் விறகுக் கணப்பை எரிக்கவே வேண்டாம். கணப்பு இருக்கும் அறையில், அதிலிருந்து கிடைமட்டமாக 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் ஒன்று, படுக்கையறையில் இன்னொன்று. ஐரோப்பியத் தரமான இ.என். 50291-இன்படி செய்த அலாரம், காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள் ஒலிக்கும்; 50 பங்கு என்றால் 60 முதல் 90 நிமிடம் எடுக்கும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அதன் மேல் அச்சிட்ட ஆயுள் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். காற்று முன்னறிவிப்பு இருக்கும் இரவில் கடைசி விறகைச் சீக்கிரமே போட்டு, திறப்பைக் குறைக்காமல் கங்கை எரியவிட்டு முடியுங்கள். விடியும்வரை கனலட்டும் என்று மூடிவைப்பது அன்றைக்கு வேண்டாம்.

டேம்பரை மூடிட்டா மேல இருந்து காத்து இறங்காதுல்ல?

வாயு வெளியேற இருக்கும் ஒரே வழியை அடைக்கிறீர்கள். குழாய்க்குள் திருப்பி மூடும் தகடான டேம்பர், இழுவை அளவுக்கு மிஞ்சும்போது குறைப்பதற்கு. கங்கு இருக்கும்வரை அதை முழுதாக மூடக் கூடாது. இழுவை கூடும்போது தானே திறந்து அறைக்காற்றைக் குழாய்க்குள் விடும் ஊஞ்சல் தகடும், கணப்பைத் தயாரித்தவர் கேட்டிருந்தால் தவிர வேண்டாம். குழாயை ஆறவைக்கும், புகை திரும்பும்போது அந்தத் தகடே அறைக்குள் திறந்த வாசலாகிவிடும்.

ரெண்டு கணப்புக்கும் ஒரே புகைபோக்கி போதுமா?

கூடாது. எரியாத கணப்பு வழியாகக் குளிர்காற்று புகுந்து எரிவதன் இழுவையைக் கெடுக்கும். காற்று திரும்பினால் அடுத்த அறைக்குள் வாயு போகும். ஒரு கணப்புக்கு ஒரு குழாய்.

புகை திரும்பிடுச்சு. அந்த நிமிஷம் என்ன செய்யணும்?

அலாரம் ஒலித்தாலோ, யாருக்காவது தலை சுற்றினாலோ கணப்பை மறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். போகிற வழியில் கதவைத் திறந்து விடுங்கள். வெளியே போனபின் தீயணைப்பு, மருத்துவ உதவியை அழையுங்கள். உள்ளே திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டாம்.

அலாரம் ஒலிக்காமல் புகை மட்டும் பீறிட்டால்: எல்லா எக்ஸாஸ்டையும் நிறுத்துங்கள், காற்று முகத்து ஜன்னலைத் திறங்கள், கணப்பின் கதவைத் திறக்காதீர்கள். காற்றுத் திறப்பைச் சட்டென்று மூடவும் வேண்டாம். மூடினால் முன்பு சொன்ன 'புஸ்' வரும். கொஞ்சம் கூட்டினால் தீ சூடேறி இழுவை மீளும். தண்ணீர் ஊற்றக் கூடாது: ஆவி வெடித்துக் கிளம்பும், வார்ப்பிரும்பும் கண்ணாடியும் விரிசல் விடும். விறகு போடத் திறக்கும்போதும் திறப்பை முழுதாக்கி, கதவை ஓர் அங்குலம் திறந்து அரை நிமிடம் நிறுத்தி, பிறகு மெல்லத் திறங்கள்.

எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. ஒரே ஒரு திசைக் காத்துல மட்டும் இன்னும் வருது. வேற வழி?

இரண்டு வாரம் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள்: மணி, காற்றின் திசை, தீ எந்த நிலையில் இருந்தது, எந்தக் கதவு ஜன்னல் திறந்திருந்தது, புகை வந்ததா. கங்கு நிலையில் மட்டுமே வருகிறது என்று தெரிந்தால் எரிக்கும் முறையை மாற்றினாலே போதும். நன்றாக எரியும்போதும் அதே திசையில் வருகிறது என்றால், அந்தத் திசையில் நிமிர்ந்து பாருங்கள். மரமோ சுவரோ முகடோ அங்கே இருக்கும். வளர்ந்துவிட்ட மரக்கிளையை வெட்டியதும் தீர்ந்துபோகும் தொல்லையும் உண்டு.

உயர்த்தவும் முடியாது, தடையை நீக்கவும் முடியாது என்றால், உச்சியில் வைக்கும் இழுவை விசிறி கடைசி வழி. திட எரிபொருள் புகையின் சூட்டைத் தாங்கும் என்று சான்று உள்ளதை மட்டும் வாங்குங்கள், சுத்தம் செய்ய மடக்கித் திறக்கக்கூடியதாகப் பாருங்கள். மின்சாரம் போனால் விசிறி நிற்கும், இழுவையும் அதோடு நிற்கும். அதனால் மின்தடை வரும் என்று தெரிந்த நாளில் பெரிய அடுக்கு போடாதீர்கள். விசிறியும் வைக்க முடியாத வீட்டில், குறிப்பேடு காட்டிய அந்தத் திசைக் காற்று வீசும் நாட்களில் வேறு ஏதாவது வழியில் அறையைச் சூடாக்கிக்கொண்டு கணப்பைப் பற்றவைக்காமல் விடுங்கள்.